டாக்காவின் கொலரா ஆஸ்பத்திரியிலிருந்து ரோஹிங்யா முகாம் வரை: பிர்தௌசி காதிரியின் ஆய்வுப் பயணமும் எமக்குள்ள கேள்விகளும்

தரம் 11 மாணவர்களிடம் நான் வருடா வருடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. முஸ்லிம் விஞ்ஞானிகளின் பெயர்களைச் சொல்லுங்கள் என்பேன். இப்னு ஸீனா, அல் குவாரிஸ்மி, இப்னு அல் ஹைதம், ஜாபிர் இப்னு ஹையான் என்று கைகள் உயரும். அவர்களில் யார் இப்போது உயிரோடு இருக்கிறார் என்று அடுத்ததாகக் கேட்டால் வகுப்பில் சிரிப்பு எழும். பிறகு அமைதியாகி விடுவார்கள். இன்று ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்துகொண்டிருக்கும் ஒரேயொரு முஸ்லிம் விஞ்ஞானியின் பெயரைக்கூட எமது பிள்ளைகளால் சொல்ல முடிவதில்லை. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? சில வருடங்களுக்கு முன்பு வரை எனக்கும் அந்தப் பெயர்கள் தெரிந்திருக்கவில்லை.

இந்தக் கட்டுரை அப்படியான ஒருவரைப் பற்றியது. அவரைப் புகழ்ந்து ஒரு வாழ்க்கைக் குறிப்பு எழுதுவது எனது நோக்கமன்று. பங்களாதேஷில் 2025 ஒக்டோபர் 12 ஆம் திகதி தைபொயிட் தடுப்பூசித் திட்டம் ஒன்று ஆரம்பமானது. ஒன்பது மாதக் குழந்தை முதல் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் வரை, சுமார் 5 கோடிப் பேருக்கு இலவசமாக ஊசி போடுவது அதன் இலக்கு. எமது நாட்டின் மொத்தச் சனத்தொகையைப் போல் இரண்டு மடங்கிலும் அதிகமான பிள்ளைகள். எமது ஊடகங்களில் இது ஓர் ஓரத்துச் செய்தியாகக்கூட வரவில்லை. அந்தத் தடுப்பூசியை டாக்கா நகரப் பிள்ளைகளிடம் பரிசோதித்து, அது 85 சதவீதப் பாதுகாப்பைத் தருகிறது என்று 2021 இல் லான்செட் சஞ்சிகையில் வெளியான ஆய்வுக் கட்டுரையின் முதல் பெயர் பிர்தௌசி காதிரி. ஆய்வு முடிவு வெளிவந்து நான்கு வருடங்களில் அது நாடளாவிய திட்டமாகியிருக்கிறது. இது எப்படிச் சாத்தியமானது என்று பார்ப்பது எமக்குப் பிரயோசனமாக இருக்கும்.

பிர்தௌசி காதிரி 1951 இல் பிறந்தவர். டாக்கா பல்கலைக்கழகத்தில் உயிரிரசாயனவியல் கற்று, பிரித்தானியாவின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் 1980 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அக்காலத்தில் அப்படிப் போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை. அவர் வந்தார். டாக்கா பல்கலைக்கழகத்தில் கற்பித்துவிட்டு, எண்பதுகளின் இறுதியில் ஐ.சி.டி.டி.ஆர்.பி. என்று அழைக்கப்படும் சர்வதேச வயிற்றோட்ட நோய் ஆய்வு நிலையத்தில் இணைந்தார். இன்று வரை அங்கேதான் இருக்கிறார். ஏறத்தாழ 40 வருடங்கள் ஒரே இடத்தில்!

டாக்கா மக்கள் அந்த நிலையத்தின் நீண்ட பெயரைச் சொல்வதில்லை. மொஹாகாலியில் இருக்கும் அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘கொலரா ஆஸ்பத்திரி’. 1960 இல் கொலரா ஆய்வுகூடமாகத் தொடங்கப்பட்ட இடம் அது. எங்கள் வீடுகளில் பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் உடனே கடைக்கு ஓடி ஒரு பைக்கற் ஜீவனி வாங்கி வருகிறோம் அல்லவா? அந்த உப்பும் சீனியும் கலந்த நீருக்குப் பின்னாலுள்ள ஆராய்ச்சியின் பெரும்பகுதி டாக்காவிலும் கொல்கத்தாவிலும்தான் நடந்தது. 1971 யுத்தத்தின்போது கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து மேற்கு வங்காளத்துக்கு ஓடிய அகதிகளிடையே கொலரா பரவியபோது, போன்கான் முகாமில் வைத்தியர் திலீப் மகலநோபிஸ் இந்தக் கரைசலைப் பீப்பாய்களில் கலந்து குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. ஆக, கொலரா வந்தவரைக் காப்பாற்றும் வழி அப்போதே தெரிந்துவிட்டது. வராமல் தடுப்பது எப்படி என்பதுதான் மிஞ்சியிருந்த கேள்வி.

விஞ்ஞான ஆசிரியை என்ற வகையில் இந்த இடத்தில் சற்று நிற்க விரும்புகிறேன். கொலராவை உண்டாக்கும் பற்றீரியா இரத்தத்தில் புகுவதில்லை. சிறுகுடலின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு ஒரு நஞ்சைச் சுரக்கிறது. அந்த நஞ்சினால் உடலின் நீரும் உப்பும் குடலுக்குள் கொட்டுகின்றன. கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஒருவர் சில மணித்தியாலங்களிலேயே இறந்து போகலாம். நோய் குடலில் நடப்பதால், கையில் போடும் ஊசியை விட வாயால் கொடுக்கும் மருந்து குடலின் நிர்ப்பீடனத்தை நன்றாகத் தூண்டும் என்பதுதான் வாய்வழி கொலராத் தடுப்பு மருந்தின் அடிப்படை. காதிரியின் ஆரம்பகால ஆய்வுகள் பெரும்பாலும் இது பற்றியவை. கொலரா வந்து குணமான ஒருவரின் குடலில் என்ன பாதுகாப்பு உருவாகிறது, அது எவ்வளவு காலம் நிற்கிறது, தடுப்பு மருந்து கொடுத்தால் அதே பாதுகாப்பு வருகிறதா, சிறு பிள்ளைகளில் ஏன் அது குறைவாக இருக்கிறது போன்ற கேள்விகளுக்குத் தன் நாட்டு நோயாளர்களிடமே விடை தேடினார்.

ஐரோப்பாவில் தயாரிக்கப்பட்ட ஒரு வாய்வழி கொலரா மருந்து தொண்ணூறுகளிலேயே இருந்தது. விலை அதிகம். சுத்தமான நீரில் ஒரு துணைக் கரைசலைக் கலந்து அத்துடன் குடிக்க வேண்டும். சுத்தமான நீர் கிடைக்காத மனிதருக்குத்தான் கொலரா வருகிறது. அவருக்கான மருந்தைக் குடிக்கச் சுத்தமான நீர் வேண்டும்! அந்த மருந்து பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்கே பயன்பட்டது. பிறகு வியட்நாமில் எளிமையாக்கப்பட்ட மருந்து, தென்கொரியாவிலுள்ள சர்வதேச தடுப்பூசி நிறுவனத்தின் முயற்சியால் மேம்படுத்தப்பட்டு, ஹைதராபாத்தில் ஷான்கோல் என்ற பெயரில் தயாரானது. ஒரு டோஸ் இரண்டு டொலருக்கும் குறைவு. தனியாக நீர் தேவையில்லை. கொல்கத்தாவில் நடந்த பரிசோதனையில் இரண்டு டோஸ் எடுத்தவர்களுக்கு ஐந்து வருடங்களில் 65 சதவீதப் பாதுகாப்புக் கிடைத்தது.

மருந்து நல்லது என்று தெரிந்த பிறகும் இன்னொரு கேள்வி இருக்கிறது. கூட்டம் கூட்டமாக மக்கள் வாழும் ஒரு சேரிப் பகுதியில், வழமையான அரச சுகாதார ஊழியர்களைக் கொண்டு, இலட்சக்கணக்கானோருக்கு இதைக் கொடுக்க முடியுமா? கொடுத்தால் நிஜ வாழ்க்கையில் பலன் இருக்குமா? 2011 இல் டாக்காவின் மீர்பூர் பகுதியில் காதிரியின் குழு இதைத்தான் பரிசோதித்தது. 90 வலயங்கள், 267,270 பேர். எழுமாற்றாக மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குத் தடுப்பு மருந்து மட்டும். இன்னொன்றுக்குத் தடுப்பு மருந்தோடு கை கழுவும் வசதியும் குடிநீரைச் சுத்திகரிக்கும் முறையும். மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை. இரண்டு வருடங்கள் பார்த்தார்கள். கடுமையான கொலரா, மருந்து கொடுக்கப்பட்ட வலயங்களில் 37 சதவீதமும், மருந்தும் கை கழுவும் பழக்கமும் சேர்ந்த வலயங்களில் 45 சதவீதமும் குறைந்திருந்தது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலான வித்தியாசம் புள்ளிவிபர ரீதியாக உறுதியானதல்ல என்பதையும் அவர்களே எழுதினார்கள். மருந்து எடுக்காதவர்களையும் சேர்த்துக் கணக்கிட்ட வீதங்கள் இவை என்பதைக் கவனிக்க வேண்டும். அப்பகுதியில் எல்லோரும் மருந்து எடுக்கவில்லை. ஆட்கள் வீடு மாறிக்கொண்டே இருந்தார்கள். இதுதான் நிஜம்.

அதன் பிறகு வந்தது இன்னும் முக்கியமான ஆய்வு. இரண்டு டோஸ்களுக்கு இடையில் இரண்டு வாரமாவது காத்திருக்க வேண்டும். வெள்ளமோ யுத்தமோ வந்த இடத்தில் அதே ஆட்களை இரண்டாவது தடவை தேடிப் பிடிப்பது கஷ்டம். அப்படியானால் ஒரு டோஸ் மட்டும் போதுமா? 2014 இல் டாக்காவில் 204,700 பேரைக் கொண்டு, பாதிப் பேருக்கு மருந்தும் மற்றவர்களுக்குப் போலி மருந்தும் கொடுத்து ஆறு மாதம் கண்காணித்தார்கள். பொதுவாக 40 சதவீதம், கடுமையான கொலராவுக்கு எதிராக 63 சதவீதம் பாதுகாப்பு. நல்ல செய்திதான். ஆனால் வயது வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் அது 16 சதவீதம் மட்டுமே. புள்ளிவிபரப்படி அதைப் பாதுகாப்பு என்றே சொல்ல முடியாது. அந்தக் குழு இதை மறைக்கவில்லை. 2016 இல் வெளிவந்த கட்டுரையிலேயே தெளிவாக எழுதியது. டாக்காவில் கொலரா எப்போதும் இருப்பதால் பெரியவர்களின் உடலுக்கு அந்தக் கிருமி ஏற்கனவே பரிச்சயம்; ஒரு டோஸ் அந்தப் பழைய நினைவைத் தூண்டிவிடுகிறது; சிறு பிள்ளைகளுக்கு அந்தப் பரிச்சயம் இல்லை என்பதுதான் அவர்கள் கொடுத்த விளக்கம்.

இப்போது நடப்பு விவகாரத்துக்கு வருவோம். 2013 இல் உலக சுகாதார ஸ்தாபனம் கொலராத் தடுப்பு மருந்துக்கான உலகக் களஞ்சியம் ஒன்றை 20 இலட்சம் டோஸ்களோடு ஆரம்பித்தது. 2021 தொடக்கம் கொலரா உலகில் பல இடங்களில் ஒரே நேரத்தில் வெடித்தது. 2021 முதல் 2023 வரையான மூன்று வருடங்களில் கேட்கப்பட்ட டோஸ்களின் எண்ணிக்கை அதற்கு முந்திய பத்து வருடங்களில் கேட்கப்பட்டதை விட அதிகம். கொடுப்பதற்கு மருந்து இல்லை. 2022 ஒக்டோபரில் இரண்டு டோஸ் முறை தற்காலிகமாக நிறுத்தப்பட்டு, அவசர நிலைகளில் ஒரு டோஸ் மட்டும் கொடுப்பது என்று முடிவாகியது. அதற்கு ஆதாரமாக முன்வைக்கப்பட்டவற்றில் டாக்கா ஆய்வும் ஒன்று. இதற்கிடையில் ஷான்கோல் தயாரித்த கம்பனி 2023 இறுதியோடு உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. 2024 ஒக்டோபர் நடுப்பகுதியில் ஒரு கட்டத்தில் களஞ்சியத்தில் ஒரு டோஸ்கூட மிஞ்சவில்லை.

ஒரு டோஸ் முடிவு பிழை என்று நான் சொல்லவில்லை. பத்துப் பேருக்கு ஒரு டோஸா, ஐந்து பேருக்கு இரண்டு டோஸா என்ற நிலையில் வேறு எவரும் அந்த முடிவைத்தான் எடுத்திருப்பார்கள். எனது கவலை வேறு. அந்த ஆய்வு கொலரா பரிச்சயமான ஒரு நகரத்தில் நடந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பலன் இல்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. 2022 தொடக்கம் உலகம் ‘ஒரு டோஸும் வேலை செய்யும்’ என்ற பாதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, கொலராவை நீண்ட காலம் காணாத நாடுகளிலும் அதையே செய்துகொண்டிருக்கிறது. அகதி முகாம்களில் முதலில் சாவது ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். பற்றாக்குறைக்காக எடுத்த முடிவு கொஞ்சம் கொஞ்சமாக வழமையாகி விடுகிறது. இதை நான் சுகாதாரத் துறையில் மட்டும் காணவில்லை. ஆசிரியர் பற்றாக்குறைக்காக ‘தற்காலிகமாக’ இரண்டு வகுப்புகளை ஒன்றாக்கிய பாடசாலைகள் எத்தனை வருடங்களாக அப்படியே இருக்கின்றன!

காதிரியின் வேலையின் அர்த்தம் மிகத் தெளிவாகத் தெரிந்த இடம் கொக்ஸ் பஸார். 2017 ஓகஸ்ட் 25 ஆம் திகதிக்குப் பிறகு மியான்மாரின் ரக்கைனிலிருந்து ரோஹிங்யா மக்கள் இலட்சக்கணக்கில் எல்லையைக் கடந்தார்கள். மலைச்சரிவுகளில் தார்ப்பாய்க் கூடாரங்கள். கிணறும் மலசலகூடமும் பக்கத்தில் பக்கத்தில். மழைக்காலம். கொலரா வரப் போகிறது என்பதைச் சொல்ல நிபுணர் தேவைப்படவில்லை. ஆனால் என்ன செய்யலாம் என்பதைச் சொல்ல ஆள் இருந்தார்கள். மீர்பூரில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து வேலை செய்த அனுபவம் அந்த நாட்டிலேயே இருந்தது. ஒக்டோபர் 10 ஆம் திகதி, அதாவது முதல் அகதி வந்து ஏழு வாரங்களுக்குள், 9 இலட்சம் டோஸ்களோடு பங்களாதேஷ் அரசாங்கம் திட்டத்தை ஆரம்பித்தது. முதல் சுற்றில் சுமார் 7 இலட்சம் பேருக்கு மருந்து கொடுக்கப்பட்டது. ஒன்று முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளுக்கு மட்டும் நவம்பரில் இரண்டாவது டோஸ் கொடுத்தார்கள். ஏன் அந்த வயதுக்கு மட்டும் என்பது இப்போது வாசகர்களுக்குப் புரியும். மேலே சொன்ன 16 சதவீதம்தான் காரணம். எல்லோரும் பயந்த அந்தப் பெரும் கொலரா அந்த முகாமில் வரவில்லை.

அதே நவம்பரில் அதே முகாமில் தொண்டைக்கரப்பான் பரவியது. ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள், பல பிள்ளைகள் இறந்தார்கள். எமது நாட்டில் இளம் வைத்தியர்கள் புத்தகத்தில் மட்டும் படிக்கும் நோய் அது. ரக்கைனில் அந்த மக்களுக்கு வழமையான குழந்தைத் தடுப்பூசிகள் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. ஒரு சமூகத்தைப் பிரஜைகளாகக் கணக்கெடுக்க மறுக்கும் அரசு அவர்களுடைய குழந்தைகளுக்கு ஊசி போடவும் மறந்துவிடுகிறது. அந்தக் கணக்கு பிறகு இன்னொரு நாட்டு முகாமில் தீர்க்கப்படுகிறது.

அதே வருடம் யெமனில் நடந்ததை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2017 டிசம்பருக்குள் அங்கே கொலரா என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் 10 இலட்சத்தைத் தாண்டினார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தடுப்பு மருந்து ஒதுக்கப்பட்டும் 2017 ஜூலையில் திட்டம் கைவிடப்பட்டது. முதல் தடுப்பு மருந்து ஏடன் நகரத்தில் கொடுக்கப்பட்டது 2018 மே மாதத்தில். சவூதி கூட்டணியின் குண்டுகள், முற்றுகை, ஹூதிகளின் பிடிவாதம், உடைந்துபோன சுகாதாரத் துறை என்று காரணங்கள் பல. யார் அதிகக் குற்றவாளி என்று எமது முகநூல் பக்கங்களில் இப்போதும் சண்டை பிடிக்கலாம். இறந்த பிள்ளைக்கு அது தெரியாது. மருந்து உலகில் இருந்தது. அதை வாய் வரை கொண்டுசெல்லும் கட்டமைப்பும், அரசியல் அனுமதியும், நாட்டுக்குள்ளேயே நம்பிக்கையோடு பேசக்கூடிய விஞ்ஞானிகளும் இருந்த இடத்தில் மக்கள் பிழைத்தார்கள்.

அடுத்து சூடான். 2025 இல் யுத்தம் மூன்றாவது வருடத்தில் இருந்தது. அந்த வருடம் ஓகஸ்ட் நடுப்பகுதியில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு வெளியிட்ட தகவல்படி, ஒரு வருட காலத்தில் ஒரு இலட்சத்தை அண்மித்த சந்தேக நோயாளர்கள், 2,400 இற்கும் மேற்பட்ட மரணங்கள். காஸாவில் 2024 செப்டெம்பரில், குண்டுவீச்சுக்கு இடையில் சில மணித்தியால இடைநிறுத்தங்களைப் பயன்படுத்தி, ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு போலியோச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அந்த மண்ணின் சுகாதார ஊழியர்களே. அவர்களும் இடம்பெயர்ந்தவர்கள், அவர்களும் உறவுகளை இழந்தவர்கள்.

இவ்வளவும் பணத்தில்தான் ஓடுகிறது. அந்தப் பணம் 2025 இல் வற்றத் தொடங்கிவிட்டது. ஜனவரியில் அமெரிக்காவின் யுஎஸ்எயிட் உதவிகள் திடீரென நிறுத்தப்பட்டபோது, ஐ.சி.டி.டி.ஆர்.பி. நிலையத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் வேலை இழந்தார்கள். ஜூன் மாதம், வறிய நாடுகளுக்குத் தடுப்பூசி வழங்கும் கவி அமைப்புக்கு இனிப் பணம் இல்லை என்று அமெரிக்கா அறிவித்தது. அந்த அமைப்பு அடுத்த ஐந்து வருடங்களுக்குக் கேட்டது 11.9 பில்லியன் டொலர். பிரஸல்ஸ் மாநாட்டில் உறுதியளிக்கப்பட்டது 9 பில்லியனுக்குச் சற்று மேல். அமெரிக்காவை ஏசுவது இலகுவானது, எமக்கு அது பழக்கமும்கூட. ஆனால் அறுபது வருடங்களாக ஒரு முஸ்லிம் நாட்டுத் தலைநகரில் வயிற்றோட்டத்தையும் கொலராவையும் ஆராய்ந்த நிலையம், வாஷிங்டனில் போடப்படும் ஒரு கையெழுத்தால் ஆட்டம் காண்கிறது என்றால், வளைகுடாவின் செல்வந்த நாடுகள் இவ்வளவு காலமும் எங்கே பார்த்துக்கொண்டிருந்தன என்று கேட்பதில் தவறில்லை. அவை உதவவே இல்லை என்று சொன்னால் அது பொய். பள்ளிவாசல் கட்டித் தரவும் நோன்பு காலத்தில் பேரீச்சம்பழம் அனுப்பவும் காட்டும் அக்கறையில் ஒரு பகுதி இப்படியான ஆய்வுகூடங்களுக்கும் போயிருக்கலாம். காதிரி இதில் ஒரு சிறிய முன்மாதிரியைச் செய்தார். 2012 இல் பிரான்ஸின் மெரியூ மன்றம் கொடுத்த விருதுப் பணத்தைக் கொண்டு, 2014 இல் இளம் விஞ்ஞானிகளுக்காக டாக்காவில் ஒரு தனி ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 2020 இல் யுனெஸ்கோவின் பெண் விஞ்ஞானி விருது, 2021 இல் மக்சேசே விருது, 2024 டிசம்பரில் வியட்நாமின் வின்ஃபியூச்சர் பரிசு எல்லாம் பிறகு வந்தவை.

எமது நாட்டோடு இதற்கு என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு 2020 ஐ ஞாபகப்படுத்த விரும்புகிறேன். அந்த வருடம் ஏப்ரல் 11 ஆம் திகதி வர்த்தமானி மூலம் கொவிட் ஜனாஸாக்களைத் தகனம் செய்வது கட்டாயமாக்கப்பட்டது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல் அதற்கு முன்னரே கூறியிருந்தது. நிலத்தடி நீர் மாசுபடும் என்றார்கள். அதற்குரிய ஆய்வுச் சான்றை எவரும் எம் முன்னால் வைக்கவில்லை. அப்போது ஹொங்கொங்கில் பணியாற்றிய எமது நாட்டவரான, உலகப் புகழ்பெற்ற வைரஸ் நிபுணர் பேராசிரியர் மலிக் பீரிஸ், இது நீரால் பரவும் நோயல்ல, ஜனாஸாக்களிலிருந்து பரவுவதற்குச் சான்று எதையும் தான் காணவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். பேராசிரியை ஜெனிபர் பெரேரா தலைமையிலான குழு அடக்கமும் செய்யலாம் என்று 2020 டிசம்பரில் பரிந்துரைத்தது. அதே டிசம்பரில் 20 நாள் குழந்தை ஒன்று பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி 25 ஆம் திகதிதான் அனுமதி வந்தது. மார்ச் மாதம் ஓட்டமாவடி மஜ்மா நகரில் நல்லடக்கங்கள் ஆரம்பமாகின. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டபோது, பாதுகாப்பான அடக்கத்தால் வைரஸ் பரவாது என்று பின்னர் நடந்த ஆய்வுகள் காட்டியதாக அரசாங்கமே ஒப்புக்கொண்டது.

அந்தப் பத்து மாதங்கள் எம்மிடையே என்ன செய்தன என்பதை எந்த அறிக்கையும் அளக்கவில்லை. 2021 ஜனவரியில் எமது வீதியில் ஒரு முதியவர் மூச்சுத் திணறலோடு வீட்டிலேயே கிடந்தார். “பீ.சீ.ஆர். பொஸிட்டிவ் வந்தா வாப்பாவ எரிச்சிருவாங்களே டீச்சர்” என்று அவருடைய மகன் என்னிடம் அழுதார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள் என்றுதான் சொன்னேன். சொல்லும்போது எனக்கே குரல் எழும்பவில்லை. அவர்கள் கொண்டுபோகவில்லை. சில மாதங்களில் கொவிட் தடுப்பூசி வந்தபோது அதே வீட்டார் கேட்டார்கள்: “அடக்கினா தண்ணியில பரவும்னு சொன்னவங்கதானே இதையும் போடச் சொல்றாங்க?” அந்தக் கேள்வி முட்டாள்தனமானதல்ல. விஞ்ஞானத்தின் பெயரால் ஒரு பொய் சொல்லப்பட்டால், பிறகு விஞ்ஞானம் சொல்லும் உண்மையும் சந்தேகத்துக்குள்ளாகிறது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு எமது ஒரு டோஸ் பலன் தரவில்லை என்று தாங்களே எழுதி வெளியிட்ட டாக்கா குழுவை மக்கள் நம்பியதற்கும், இங்கு மக்கள் நம்பாமல் போனதற்கும் உள்ள வித்தியாசம் இதில்தான் இருக்கிறது.

ஆனால் எமது தரப்பிலும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. அந்தச் சந்தேகத்தை இப்போது சிலர் எல்லாத் தடுப்பூசிகளுக்கும் இழுத்துக்கொண்டு போகிறார்கள். வட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவுகளை நானும் கேட்கிறேன். 2019 இல் இலங்கை சின்னமுத்து நோயை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது. 2023 இல் அது திரும்பி வந்தது. 2024 ஜனவரியில் ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு ஒன்பது பகுதிகளில் விசேட ஊசித் திட்டம் நடத்த வேண்டி வந்தது. கல்முனையும் அவற்றில் ஒன்று. கிளினிக்கில் மிட்வைஃப் போடும் ஊசிக்கும் ஜனாஸாவை எரித்த வர்த்தமானிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அந்த ஊசிகளால்தான் எமது பிள்ளைகள் ரோஹிங்யாப் பிள்ளைகளைப் போலத் தொண்டைக்கரப்பானில் சாகாமல் இருக்கிறார்கள்.

இன்னொன்று. 2020 இல் அந்தக் குழுக்களில் எமக்காகப் பேச நுண்ணுயிரியல், தொற்றுநோயியல் தெரிந்த எம்மவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள்? சட்டத்தரணிகள் இருந்தார்கள், அரசியல்வாதிகள் இருந்தார்கள், உலமாக்கள் இருந்தார்கள். எல்லோரும் தங்களால் முடிந்ததைச் செய்தார்கள். எமக்குச் சார்பாக மிகப் பலமாக ஒலித்த விஞ்ஞானக் குரல்கள் பீரிஸ், பெரேரா போன்ற பிற சமூகத்தவர்களுடையவை. அதற்கு நாம் நன்றியுள்ளவர்களாக இருக்க வேண்டும். வெட்கப்படவும் வேண்டும். உயிரியல் பிரிவில் படிக்கும் எமது பிள்ளைகள் எல்லோரும் டாக்டராக வேண்டும் என்கிறோம். வைத்தியபீடம் கிடைக்காவிட்டால் அந்தப் பிள்ளை தோற்றுவிட்டது என்று வீடே இழவு காக்கிறது. உயிரிரசாயனவியல் கற்று ஆய்வுகூடத்துக்குப் போகலாம் என்று எந்தப் பெற்றோரும் சொல்லிக் கேட்டதில்லை. பெண் பிள்ளை என்றால் இன்னும் கஷ்டம். என்னையே எடுத்துக்கொண்டால், விஞ்ஞானத்தில் எனக்கு ஆர்வம் இருந்தது. தூரத்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வீட்டில் விருப்பமில்லை. ஆசிரியர் கலாசாலை பக்கத்தில் இருந்தது. நான் முறைப்பாடு சொல்லவில்லை. கற்பிப்பதை நான் விரும்பித்தான் செய்கிறேன். ஆனால் என் வயதில் இப்படி எத்தனை பேர் இருப்பார்கள் என்று கணக்கிட்டுப் பார்க்கிறேன். காதிரிக்கும் பிள்ளைகள் இருந்தார்கள், குடும்பம் இருந்தது, கொலரா வார்டு இருந்தது.

கடந்த வாரம் அவருடைய படத்தை வகுப்பில் காட்டினேன். மீர்பூர் ஆய்வையும் கரும்பலகையில் வரைந்தேன்: மூன்று பெட்டிகள், 90 வலயங்கள். பின்வரிசையில் இருக்கும் ஒரு மாணவி, வழமையாக வாயே திறக்காதவள், எழுந்து கேட்டாள்: “டீச்சர், மருந்து குடுக்காத அந்த மூணாவது பெட்டியில இருந்த ஆக்கள் பாவமில்லயா?” ஆய்வு ஒழுக்கவியலில் இன்றும் விவாதிக்கப்படும் கேள்வி அது. பாடவேளை முடிந்து மணி அடித்த பிறகும் பத்து நிமிடம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.